இன்றா நாளை மறுநாளா, மணிக்கட்டா தொடையா: நிலையற்ற நெஞ்சுவலியில் எடுக்க வேண்டிய முடிவுகள்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சம்பா அறுவடை முடிந்து நெல்லைக் களத்தில் காயப்போட்டிருந்த நாட்களில், என் அத்தானுக்கு வரப்பில் நடக்கும்போது நடு நெஞ்சில் ஓர் அழுத்தம் வரத் தொடங்கியது. அவருக்கு வயது 68, பத்தாண்டுகளாகச் சர்க்கரை உண்டு. முதல் மூன்று நாட்கள் நின்றால் குறைந்தது. நான்காம் நாள் இரவு படுத்திருந்தபோதே வந்து இருபது நிமிடம் நீடித்தது. சோடாவும் இஞ்சிச் சாறும் கொடுத்தார்கள், உள்ளூரில் பார்த்த ஒருவர் வாய்வு என்று சொல்லி அனுப்பினார். விடியற்காலையில் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்ததிலிருந்து அடுத்த ஒன்றரை நாளுக்குள் நாங்கள் வரிசையாக நான்கு முடிவுகளை எடுக்க வேண்டியிருந்தது. மருத்துவ மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் உடற்கூறியல் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். பாதிதான் தெரிந்திருந்தது. மீதியை அந்த ஒன்றரை நாளிலும் அதற்குப் பிறகும் படித்தும் கேட்டும் அறிந்துகொண்டேன். அவற்றை, அதே நிலையில் நிற்கக்கூடிய மற்றொரு டெல்டாக் குடும்பத்துக்குப் பயன்படும் விதத்தில் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றி. குறிப்பிட்ட தூரம் நடந்தால் வந்து, நின்றால் போய்விடும் நெஞ்சுவலியை, பல மாதங்களாக ஒரே அளவில் இருக்குமானால், நிலையான நெஞ்சுவலி என்கிறார்கள். புதிதாகத் தொடங்கிக் கடுமையாக வரும் வலியும், நாளுக்கு நாள் குறைந்த உழைப்புக்கே வரும் வலியும், ஓய்வில் வரும் வலியும் நிலையற்ற நெஞ்சுவலி, அதாவது அன்ஸ்டேபிள் ஆஞ்சைனா எனப்படும். இதயத் தமனியின் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடித்து அல்லது தேய்ந்து, அதன் மேல் இரத்தம் உறைந்து, பாதை முழுவதும் அடைபடாமல் பெருமளவு குறுகிய நிலை அது. இதயத் தசை இன்னும் சாகவில்லை என்பதால் அந்தச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் என்ற புரதம் இரத்தத்தில் ஏறியிருக்காது. ஈசிஜி வலி இல்லாத நேரத்தில் இயல்பாகவே இருக்கக்கூடும். ஆகவே ஒரே ஒரு ஈசிஜி, ஒரே ஒரு ட்ரோபோனின் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்புவது சரியாகாது. வலி இருக்கும்போது ஓர் ஈசிஜி வேண்டும், சில மணி நேர இடைவெளியில் இரண்டாவது ட்ரோபோனினும் வேண்டும்.

இங்கே உறவினர்கள் அடிக்கடி குழம்பும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தமனி முற்றாக அடைபட்டு ஈசிஜி கோட்டில் எஸ்டி என்னும் பகுதி உயர்ந்து நிற்கும் மாரடைப்புக்கு உறைவைக் கரைக்கும் ஊசி உண்டு; அந்த ஊசியைப் போட்டுப் பிழைத்தவர்கள் ஊருக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். எனவே 'அந்த ஊசியை ஏன் போடவில்லை' என்று அவசரப் பிரிவின் வாசலில் சண்டை நடக்கிறது. நிலையற்ற நெஞ்சுவலிக்கு அது பயன் தரவில்லை என்பது 1994-இல் வெளியான டிமி 3பி ஆய்விலேயே தெரிந்துவிட்டது. பயனின்றி இரத்தக்கசிவு அபாயம் மட்டும் கூடும். போடாமல் இருப்பதுதான் அங்கே சிகிச்சை.

முதல் முடிவு, எங்கே போவது என்பது. எங்கள் முன்னே மூன்று வழிகள் இருந்தன: அருகிலுள்ள அரசு மருத்துவமனை, நேராகத் தஞ்சாவூர், அல்லது அத்தானின் மூத்த மகன் வற்புறுத்தியபடி காரில் சென்னை. சென்னை என்பது அங்கிருந்து ஏழெட்டு மணி நேரப் பயணம். வழியில் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டால் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதால் அந்த வழியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. நேராகத் தஞ்சாவூர் போவதில் ஒரு நியாயம் உண்டு, ஏனெனில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சில தனியார் மருத்துவமனைகளிலும், இதயத் தமனிகளுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் கேத் லேப் இருக்கிறது. ஆனால் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் என்றால், வேதாரண்யத்திலிருந்து நூறுக்கும் மேல். கும்பகோணத்துக்காரருக்குப் பொருந்தும் விடை வேதாரண்யத்துக்காரருக்குப் பொருந்தாது. தூரம் ஒரு மணி நேரத்தைத் தாண்டுமானால் முதலில் அருகில் இருக்கும் இடத்தில் ஈசிஜி எடுத்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் ஆகியவற்றின் முதல் பெரிய அளவைப் பெற்றுக்கொண்டு, 108 வண்டியில் போவதே மேல் என்பது என் கருத்து. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இந்த மூன்று மாத்திரைகளின் முதல் அளவைக் கொடுக்கிறார்கள். கொடுத்ததையும் கொடுத்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அடுத்த இடத்தில் மறுபடி கொடுத்துவிடுவார்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை கொடுப்பதற்கு முன், ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை எடுத்தாரா என்று கேட்பார்கள். மகன்கள் சூழ நிற்கும்போது எந்தப் பெரியவரும் உண்மையைச் சொல்ல மாட்டார், ஆகையால் அந்தக் கேள்வி வரும்போது மற்றவர்கள் சற்று வெளியே போய்விடுவது நல்லது.

இரண்டாவது முடிவு, குழாய் வழியே சாயம் செலுத்தி இதயத் தமனிகளைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமை உடனே செய்வதா, மருந்தில் ஆறவிட்டுப் பிறகு செய்வதா என்பது. பணம் கட்டும் குடும்பத்துக்கு இந்தக் கேள்வி எப்போதும் சந்தேகத்தோடுதான் வருகிறது. உடனே செய்ய வேண்டும் என்றால் வியாபாரம் என்கிறோம், இரண்டு நாள் பொறுங்கள் என்றால் அலட்சியம் என்கிறோம். உண்மையில் இரண்டும் சரியாக இருக்கக்கூடும். யாருக்கு எது என்பதை ஆபத்தின் அளவு முடிவு செய்கிறது. மருந்து கொடுத்தும் வலி நிற்காதவர், இரத்த அழுத்தம் சரிந்தவர், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுபவர், ஆபத்தான துடிப்புக் கோளாறு வந்தவர் ஆகியோருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்பது விதி, அங்கே ஒப்பிடுவதற்கு ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கு வயது, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், இதயச் செயலிழப்பின் அடையாளங்கள், வரும்போதே இதயம் நின்றிருந்ததா என்பது, ஈசிஜியில் எஸ்டி மாற்றம், ட்ரோபோனின் ஆகிய எட்டையும் வைத்து கிரேஸ் மதிப்பெண் போடுகிறார்கள். 2009-இல் வெளியான டிமாக்ஸ் ஆய்வில் மூவாயிரத்துச் சொச்சம் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 24 மணி நேரத்துக்குள்ளும் மற்றதற்கு 36 மணி நேரத்துக்குப் பிறகும் ஆஞ்சியோகிராம் செய்து பார்த்தார்கள். ஆறு மாதத்தில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்த கணக்கு 9.6 விழுக்காட்டுக்கு 11.3 என்று நின்றது, அதைப் பெரிய வேறுபாடாகக் கொள்ள முடியவில்லை. ஆனால் கிரேஸ் மதிப்பெண் 140-ஐத் தாண்டியவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது அது 13.9-க்கு 21.0 என்று விரிந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: ட்ரோபோனின் இரண்டு முறையும் ஏறாமல், ஈசிஜியில் மாற்றம் இல்லாமல், மருந்தில் வலி அடங்கிவிட்டவருக்கு ஞாயிற்றுக்கிழமை இரவில் மருத்துவரை எழுப்பி ஆஞ்சியோகிராம் செய்யச் சொல்வதால் கிடைப்பது மிகக் குறைவு, அவரை மருத்துவமனையில் வைத்திருந்து, எக்கோ எடுத்து, தேவைப்பட்டால் சிடி ஆஞ்சியோவோ உழைப்புச் சோதனையோ செய்து முடிவெடுக்கலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு இந்த அவகாசம் லாபமாகவே முடியும், ஏனெனில் சாய மருந்து செலுத்துவதற்கு முன் உடலில் நீர்ச்சத்தைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியிலும் தேர்வு உண்டு: 2006-இன் ஒயாசிஸ்-5 ஆய்வில், நாளுக்கு ஒரு முறை போடும் ஃபோண்டாபாரினக்ஸ், இரண்டு முறை போடும் எனோக்ஸாபாரினைவிட இரத்தக்கசிவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. மெலிந்த முதியவர்களுக்கு இது கேட்டுப் பார்க்கத் தக்க விஷயம்.

அத்தானுக்கு ட்ரோபோனின் இரண்டு முறையும் ஏறவில்லை. ஆனால் வலி வந்தபோது எடுத்த ஈசிஜியில் எஸ்டி பகுதி கீழே இறங்கியிருந்தது, வலி போனதும் தானாகச் சமநிலைக்கு வந்தது. சர்க்கரையும் இருந்தது. இந்த இறங்கி ஏறும் மாற்றமே ஆபத்தின் அடையாளம் என்பதால் மறுநாள் காலையிலேயே ஆஞ்சியோகிராம் என்று முடிவாயிற்று. அதற்குமேல் நாங்கள் வாதாடவில்லை.

மூன்றாவது முடிவைப் பெரும்பாலான குடும்பங்கள் முடிவு என்றே உணர்வதில்லை. குழாயை மணிக்கட்டு வழியாகச் செலுத்துவதா, தொடை இடுக்கு வழியாகச் செலுத்துவதா? பிற்பாடு திண்ணையில் உட்கார்ந்து 'உனக்குக் கையிலா, தொடையிலா' என்று விசாரிப்பதோடு சரி. ஆனால் என் தொழிலுக்கு மிக அருகில் வந்த கேள்வி இதுதான் என்பதால் இதில் சற்று அதிக நேரம் நிற்கிறேன்.

தொடை வழி பழையது. ஊசி, கம்பி, குழாய் என்ற வரிசையை செல்டிங்கர் 1953-இல் வகுத்தார். அதை வைத்து ஜட்கின்ஸ் 1960-களில் தொடை வழியே இதயத் தமனிகளைப் படமெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். மணிக்கட்டு வழியில் கனடாவின் காம்போ 1989-இல் ஆஞ்சியோகிராம் செய்து வெளியிட்டார், நெதர்லாந்தின் கீமனெய் 1990-களின் தொடக்கத்தில் அதே வழியில் அடைப்பை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியும் செய்தார். இரண்டையும் நேருக்கு நேர் வைத்த ரைவல் ஆய்வில் (2011, ஏழாயிரம் பேர்) முக்கிய முடிவுகளில் வேறுபாடு இல்லை. ஆனால் குத்திய இடத்தின் பெரிய தமனிச் சிக்கல்கள் மணிக்கட்டில் 1.4 விழுக்காடு, தொடையில் 3.7. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த மேட்ரிக்ஸ் ஆய்வில் மணிக்கட்டு வழியில் இரத்தக்கசிவோடு மரணமும் குறைந்திருந்தது. நிலையற்ற நெஞ்சுவலிக்காரரின் உடலில் ஏற்கெனவே மூன்று வகை இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை நினைத்தால் இது வியப்பில்லை. மணிக்கட்டில் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், விரலால் அழுத்தினால் நிற்கும். தொடையில் சற்று மேலே தவறாகக் குத்திவிட்டால் இரத்தம் வயிற்றுக்குப் பின்புறம் அமைதியாகத் தேங்கும். முதுகுவலியும் வியர்வையும் இறங்கும் இரத்த அழுத்தமும்தான் முதல் செய்தி.

ஆயினும் மணிக்கட்டு எல்லோருக்கும் வழிவிடுவதில்லை. அந்த ரைவல் ஆய்விலேயே மணிக்கட்டில் தொடங்கியவர்களில் 7.6 விழுக்காட்டினர் வேறு வழிக்கு மாற வேண்டியிருந்தது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்தத் தமனி சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். சிலருக்கு முழங்கை அருகே முழு வளையமாகச் சுற்றியிருக்கும். மிகச் சிலருக்கு வலக் கைக்குப் போகும் தமனியே பெருந்தமனி வளைவின் கடைசிக் கிளையாகப் பிறந்து உணவுக்குழாய்க்குப் பின்புறம் வளைந்து வரும். அத்தானுக்கு வலது முழங்கை அருகே வளையம் இருந்தது. கம்பி அங்கே நின்றுவிட்டது, வலியும் வந்தது. தொடைக்கு மாறினார்கள்.

இனி இடுப்புத் தமனிகளின் கதை. தொடை இடுக்கில் துடிக்கும் தமனிக்குள் நுழையும் குழாய், இடுப்புக்கூட்டின் ஓரமாக வெளி இடுப்புத் தமனியிலும், பிறகு பொது இடுப்புத் தமனியிலும் ஏறி, ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில், நான்காம் இடுப்பு முள்ளெலும்பின் முன்னே, பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தைக் கடந்துதான் நெஞ்சுக்குப் போகிறது. பாடநூலில் இது நேர்க்கோடு. உடற்கூறு வகுப்பின் பிண மேசையில் நேர்க்கோட்டை நான் பார்த்தது குறைவு. உள் இடுப்புத் தமனி கிளைக்கும் விதத்தை ஜப்பானியரான அடாச்சி 1928-இல் ஐந்து வகையாகப் பிரித்தார். மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வந்து, 'ஐயா, நாங்கள் அறுக்கும் பிணத்தில் ஒப்டுரேட்டர் தமனியே இல்லை' என்பார்கள். தேடிப் பார்த்தால் தொடையின் உட்பக்கத்துக்குப் போகும் அந்தத் தமனி உள் இடுப்புத் தமனியிலிருந்து வராமல் அடிவயிற்றுச் சுவருக்குப் போகும் தமனியிலிருந்து கிளைத்து, அந்தரங்க எலும்பின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். நான்கைந்து பேரில் ஒருவருக்காவது இப்படி இருக்கும். குடலிறக்கமும் இடுப்பெலும்பு முறிவும் சரிசெய்யும் அறுவை மருத்துவர்கள் அஞ்சி, மரணக் கிரீடம் என்று பெயர் வைத்த இணைப்பும் அந்த இடத்தில்தான்.

ஆனால் ஒரு நோயாளியின் குடும்பம் இந்த வேறுபாடுகள் அனைத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை. உள் இடுப்புத் தமனியின் கிளைகள் எப்படிப் பிரிந்தாலும் இதயத்துக்குப் போகும் குழாய்க்கு அது பொருட்டன்று, ஏனெனில் அது அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. பொருட்டாவது மூன்று. முதலாவது, முதுமையிலும் நாள்பட்ட இரத்த அழுத்தத்திலும் பொது மற்றும் வெளி இடுப்புத் தமனிகள் நீண்டு பாம்பு போல் நெளிவது. பிறவி வேறுபாடுகளைவிட இதுதான் மிகப் பரவலானது. இரண்டாவது, தொடைத் தமனி இரண்டாகப் பிரியும் இடம். பெரும்பாலோருக்கு அது தொடையெலும்பின் தலைக்குக் கீழே இருக்கும், சிலருக்கு மேலேயே பிரிந்துவிடும். அப்போது வழக்கமான இடத்தில் குத்தினால் ஊசி சிறிய கிளைக்குள் போய், கசிந்த இரத்தம் தமனிக்கு வெளியே பை போல் தேங்கும் போலி வீக்கம் உண்டாகக்கூடும். 2010-இல் ஆயிரத்து நான்கு பேரிடம் செய்த ஃபாஸ்ட் ஆய்வில், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியால் பார்த்துக் குத்தியபோது சிக்கல்கள் 3.4 விழுக்காட்டிலிருந்து 1.4-க்குக் குறைந்தன. மூன்றாவது மிக அரியது: கருவில் காலுக்கு இரத்தம் கொடுக்கும், உள் இடுப்புத் தமனியிலிருந்து வரும் பின்புறத் தமனி சிலருக்கு மறையாமல் நின்றுவிடும், பத்தாயிரத்தில் சிலருக்கு. அவர்களில் சிலருக்கு வெளி இடுப்புத் தமனியும் தொடைத் தமனியும் வளர்ச்சி குன்றியிருக்கும். தொடை இடுக்கில் நாடி இல்லை, முழங்காலுக்குப் பின் நாடி நன்றாகத் துடிக்கிறது என்றால் இதை நினைக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் இன்றும் உதவும் இடம் அது.

அத்தானுக்கு இருந்தது முதல் வகை. கம்பி வலது இடுப்பில் முன்னேறவில்லை. மருத்துவர் சிறிதளவு சாயம் செலுத்திப் பார்த்தார்; வெளி இடுப்புத் தமனி இரண்டு முறை மடங்கியிருந்தது திரையில் தெரிந்தது. வழுக்கும் பூச்சுள்ள கம்பியை மெதுவாக ஏற்றி, அதன் மேல் நீளமான உறைக்குழாயைச் செருகி, நெளிவை நிமிர்த்திக்கொண்டு மேலே சென்றார். வற்புறுத்தித் தள்ளியிருந்தால் உட்சுவர் கிழிந்திருக்கும். இடது மணிக்கட்டுக்குப் போயிருக்கலாமே என்று பின்னர் கேட்டேன். போயிருக்கலாம், நெளிவு இன்னும் ஒரு மடிப்பு கூடுதலாக இருந்திருந்தால் போயிருப்பேன் என்றார். அது நேர்மையான பதில்.

ஆகவே இரு வழிகளையும் நான் ஒப்பிடும் விதம் இது. கைதேர்ந்தவர் கையில் மணிக்கட்டே முதல் தேர்வு. முடிந்தவுடன் உட்கார்ந்து இட்லி சாப்பிடலாம், சிறுநீர் கழிக்க எழுந்து போகலாம். தொடையில் செய்தால் காலை மடக்காமல் நாலைந்து மணி நேரம் மல்லாந்து கிடக்க வேண்டும், புராஸ்டேட் வீங்கிய முதியவருக்கு அது ஒரு தனி வேதனை. குந்தி உட்காரும் கழிப்பறைக்கும் நாற்று நடவுக்கும் பழகிய நம் ஊர்க்காரர்கள் ஒரு வாரமாவது குந்தாமலும் பாரம் தூக்காமலும் இருக்க வேண்டும் என்பதை வீட்டில் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். மாறாக, டயாலிசிஸுக்குக் கையில் இணைப்பு வைத்திருப்பவர் அல்லது வைக்கப் போகிறவர், மணிக்கட்டுத் தமனி மிகச் சிறுத்தவர், பெரிய குழாய் அல்லது இதயத்துக்குத் துணைசெய்யும் பலூன் பம்ப் தேவைப்படுபவர் ஆகியோருக்குத் தொடையே வழி. ஆனால் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும் நெடுநாள் பீடிக்காரர், வயிற்றுப் பெருந்தமனி வீங்கியவர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர் ஆகியோரின் தொடையைத் தொடுவதற்கு முன் மருத்துவரிடம் அந்த வரலாற்றைச் சொல்லியே ஆக வேண்டும். மாற்றுச் சிறுநீரகத்தின் தமனி பெரும்பாலும் இடுப்புத் தமனியில்தான் இணைக்கப்பட்டிருக்கும்.

நான்காவது முடிவு, தமனியை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட்டா, அடைப்பைச் சுற்றி மாற்றுப் பாதை போடும் பைபாஸ் அறுவையா, மருந்து மட்டுமா என்பது. இதைப் படத்தைப் பார்த்த பிறகுதான் பேச முடியும். இடது முதன்மைத் தமனியிலோ, சர்க்கரை உள்ளவருக்கு மூன்று தமனிகளிலுமோ அடைப்பு என்றால், அதே மேசையில் ஸ்டென்ட் வைத்துவிடுங்கள் என்று அவசரப்படாமல் இறங்கி வருவதே நல்லது. சர்க்கரை நோயாளிகளுக்குப் பல தமனி அடைப்பில் பைபாஸ் மேல் என்பதை 2012-இன் ஃப்ரீடம் ஆய்வு காட்டியது. அப்போது குளோபிடோக்ரெலை நிறுத்தி ஏறத்தாழ ஐந்து நாள் காத்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். செலவைப் பொறுத்தவரை, 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கு உச்சவிலை விதித்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. அட்டையைப் பீரோவில் வைத்துவிட்டு வராதீர்கள், நாங்கள் வைத்துவிட்டுத்தான் வந்தோம்.

அத்தானுக்கு இதயத்தின் முன்பக்கத் தமனியில் ஓர் அடைப்பு, ஒரு ஸ்டென்ட். வீட்டுக்கு அனுப்பும் நாளில் கொடுத்த சுருக்கத்தில் அடைப்பு, ஸ்டென்ட்டின் அளவு, பன்னிரண்டு மாதம் நிறுத்தக் கூடாத இரண்டு மாத்திரைகள் எல்லாம் இருந்தன; வழியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திரும்பப் போய்க் கேட்டேன். மருத்துவர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்து அடியில் இரண்டு வரி சேர்த்தார்: வலது முழங்கை அருகே தமனி வளையம், வலது வெளி இடுப்புத் தமனி இரட்டை நெளிவு, அடுத்த முறை இடது மணிக்கட்டை முதலில் பார்க்கவும். அக்கா அந்தத் தாளைக் கண்ணாடி உறையில் போட்டு, இப்போது காப்பீட்டு அட்டையோடு சேர்த்துச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறாள்.